பவளத் தொட்டியில் அழையா விருந்தாளிகள்: விடுவதா, பிடிப்பதா, கொல்வதா?

முதல் ஐப்டேசியாவைப் பார்த்தபோது அழகாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். பவளத் துண்டு ஒட்டியிருந்த பிளக் எனும் சின்ன அடிக்கல்லின் ஓரத்தில், சுண்டுவிரல் நக உயரத்தில், தென்னங்கன்று மாதிரி நின்றது. பழுப்பு நிறம், உள்ளே தெரியும் தண்டு, உச்சியில் விரிந்த கைகள். அது பவளத்தைக் கொட்டிக் கருக்கும் களை அனிமோன் என்று படித்துத் தெரிந்துகொண்ட அன்று இரவே பழைய பல் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்துவிட்டேன். ஆறு வாரம் கழித்து எண்ணினால் 17. அதில் இரண்டு, இரண்டு வருடமாக நான் வளர்த்துவந்த, பொத்தான் மாதிரி விரியும் ஜோவாந்தஸ் பவளக் கூட்டத்துக்கு நட்டநடுவில்.

ஐப்டேசியாவின் அடித்தட்டு கிழிந்தால், பாறையில் ஒட்டி நிற்கும் ஒவ்வொரு துணுக்கும் தனி அனிமோனாக வளரும். பிரஷ்ஷால் தேய்த்து நானே அதைப் பாறை முழுக்க விதைத்திருந்தேன். அந்த ஆறு வாரத்தில் இழந்த பவளங்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கும். அதற்குப் பிறகு சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் இருக்கும் இந்த 200 லிட்டர் தொட்டியில் புதிதாக எது தெரிந்தாலும் முதல் வேலையாக நான் கையைத் தொட்டிக்குள் விடுவதில்லை. டார்ச்சையும் போன் கேமராவையும்தான் எடுக்கிறேன்.

லைவ் ராக் எனும் உயிர்கள் குடியேறிய கடல் பாறை, பவளத் துண்டு, நத்தை ஓடு, கடற்பாசிக் கொத்து என்று எதில் வேண்டுமானாலும் ஏறிக்கொண்டு நம் தொட்டிக்கு வந்து சேரும் உயிர்களை ஹிட்ச்ஹைக்கர் என்கிறோம். அவற்றை என்ன செய்வது என்பதற்கு உள்ள வழிகள் கொஞ்சம்தான். விட்டுவைக்கலாம், கையால் பிடித்து எடுக்கலாம், ஊசியோ மருந்தோ போடலாம், அதைத் தின்னும் இன்னொரு உயிரைக் கொண்டுவரலாம், கடைசியாகப் பாறையையே வெளியே எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே வழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். இது உயிருள்ள பவளத்தையோ மீனையோ தொடுகிறதா? தனியாக இருந்தே பெருகுமா? ஒரே முயற்சியில் முழுசாக எடுக்க முடியுமா? எந்த வழி சரி என்பதை இந்த மூன்றுக்கும் வரும் பதில்களே காட்டிக்கொடுத்துவிடும்.

விட்டுவைப்பது

பயந்து கேட்பவர்களில் பாதிப் பேர் கேட்பது பிரிசில் வார்ம் பற்றித்தான். விளக்கு அணைந்த பின் பாறை இடுக்கிலிருந்து இளஞ்சிவப்பாக, பக்கவாட்டில் வெள்ளை முடிக்கற்றைகளோடு ஒரு புழு நீண்டு வந்தால் யாருக்கும் குலை நடுங்கும். ஆனால் நம் தொட்டிகளுக்கு வரும் பிரிசில் வார்ம்களில் பெரும்பாலானவை துப்புரவாளர்கள். கீழே விழுந்த தீனி, செத்த நத்தை, மீன் கழிவு, இவைதான் அதன் சாப்பாடு. செத்துப்போன பவளத்தின் மேல் அதைப் பார்த்துவிட்டு இதுதான் கொன்றது என்று முடிவு கட்டுவோம். பெரும்பாலும் பவளம் முதலில் செத்திருக்கும், புழு பிறகு வந்திருக்கும்.

விதிவிலக்கு உண்டு. கரீபியன், மத்தியதரைக் கடல்களில் வாழும் ஹெர்மோடிசே கருங்குலாட்டா என்ற ஃபயர்வார்ம் உண்மையிலேயே பவளத்தைத் தின்னும். தடித்த உடல், தலையில் மடிப்பு மடிப்பாகச் சதைக் கொண்டை, அடர்ந்த வெள்ளை முடிக்கட்டுகள். உயிருள்ள கிளையின் நுனியை விழுங்கியபடி அது இருப்பதை நேரில் பார்த்தால் எடுத்துவிடுங்கள். மற்றபடி புழு கூடிக்கொண்டே போகிறது என்றால் நாம் தீனி அதிகமாகப் போடுகிறோம் என்று அர்த்தம். தீனியைக் குறைத்தால் புழுவும் குறையும். எந்தப் பிரிசில் வார்மையும் வெறும் கையால் தொட வேண்டாம். அந்த முடிகள் தோலில் குத்தி ஒடிந்துகொள்ளும். குத்திவிட்டால் செல்லோடேப்பை ஒட்டி உரித்து எடுங்கள், தேய்க்காதீர்கள்.

இறால் இனத்துப் பொடி உயிர்களான கோப்பிபாட், ஆம்ஃபிபாட், அப்புறம் ஸ்டோமடெல்லா நத்தை, கைட்டன், நூல் நூலாகக் கையை நீட்டும் ஸ்பகெட்டி வார்ம், பாறைக்குள்ளிருந்து மெல்லிய கைகளை ஆட்டும் குட்டி பிரிட்டில் ஸ்டார் எல்லாம் வரம். காசு கொடுத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். இவற்றைக் கண்டு பதறி மருந்து ஊற்றியவர்களின் தொட்டி மாதக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்டெரினா நட்சத்திர மீன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நகத்தளவு, கை ஒன்று நீளம் ஒன்று குட்டை, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். உடலைப் பிளந்தே பெருகுவதால் ஒன்று இருந்தால் போதும், நூறாகும். பெரும்பாலானவை கண்ணாடிப் பாசியைத் தின்பவை. சில வகை ஜோவாந்தஸை மேயும். நான் கண்ணாடியில் தென்படுவதை மட்டும் வாரம் ஒருமுறை பொறுக்கிவிட்டு மற்றவற்றை விட்டுவிடுகிறேன். ஹார்லிக்வின் இறாலைக் கொண்டுவரச் சொல்வார்கள். அது நட்சத்திர மீனைத் தவிர வேறெதையும் தின்னாது. தொட்டியில் ஆஸ்டெரினா தீர்ந்த பிறகு காலமெல்லாம் நட்சத்திர மீன் வாங்கிப் போடத் தயாராக இருந்தால் மட்டுமே அதை வாங்குங்கள். இல்லையென்றால் அந்த அழகான உயிரைப் பட்டினி போட்டுக் கொல்வதாகிவிடும்.

ஐப்டேசியா: நான் முயன்று பார்த்தவை

நம்மில் பலருக்கு முதல் தலைவலியும் நீண்ட தலைவலியும் இதுதான். பாறையில் கெட்டியாக ஒட்டும், கொட்டும், பக்கத்துப் பவளத்தைக் கருக்கும், விளக்கே இல்லாத சம்ப் எனும் கீழ்த்தொட்டியில்கூட வெளிறிப்போய் உயிர் வாழும். பவளத்துக்குள் வாழும் அதே வகை நுண்பாசி இதற்குள்ளும் வாழ்கிறது. வளர்ப்பதும் சுலபம். அதனால் பவள ஆராய்ச்சிக்காரர்கள் இதையே மாதிரி உயிரியாக வைத்துக்கொண்டார்கள். 2015-ல் இதன் மரபணுத் தொகுதியையே படித்து வெளியிட்டார்கள். ஆய்வகத்துக்கு அதைப் பிடித்தமானதாக்கிய குணமெல்லாம் நமக்கு எதிராக நிற்கிறது.

எண்ணிக்கை பத்துக்குள் இருந்து, எல்லாமே கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், நான் ஊசியைத்தான் எடுப்பேன். கடையில் விற்கும் அய்ப்டேசியா-எக்ஸ் மாதிரியான பசைகள் வேலை செய்கின்றன. ஆனால் எனக்குப் பிடித்தது பழைய முறை: தொட்டிக்குக் கால்சியம் ஏற்றும் சுண்ணாம்புத் தண்ணீரான கால்க்வாஸருக்கு வாங்கி வைத்திருக்கும் தூய கால்சியம் ஹைட்ராக்சைடு. நம் ஊர் நீற்றுச் சுண்ணாம்பு தான் அது. வெற்றிலைக்குத் தடவும் பதத்துக்குக் குழைத்து, முனை மழுங்கிய ஊசி மாட்டிய சிரிஞ்சில் ஏற்ற வேண்டும். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதில் வாசனையும் நிறமும் கலந்திருக்கலாம். தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட், ரிட்டர்ன் பம்ப் இரண்டையும் நிறுத்திவிட்டு, ஊசி முனையை அனிமோனின் வாய்க்கு மேலே மெதுவாகக் கொண்டுபோய், அதன் கைகள் இரை என்று நினைத்துப் பற்றும்போது பசையை விட வேண்டும். பயந்து பொந்துக்குள் சுருங்கிவிட்டால் அந்தப் பொந்தையே பசையால் மூடிவிடுவேன். கால் மணி நேரம் பம்ப் ஓடக் கூடாது.

இதன் குறை இரண்டு. சுண்ணாம்பு தண்ணீரின் பி.எச்சை ஏற்றும். அதனால் என் 200 லிட்டரில் ஒரு நாளைக்கு ஐந்தாறுக்கு மேல் தொடுவதில்லை. இன்னொன்று, பாறையின் பின்பக்கத்திலும் தண்ணீர் வழிந்து கீழே போகும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள்ளும் இருப்பதை ஊசி எட்டாது. நாம் கண்ணில் பட்டதை அடித்துக்கொண்டிருக்க, கண்ணில் படாதது குட்டி போட்டுக்கொண்டிருக்கும். எலுமிச்சைச் சாறு, வினிகர், கொதிநீர் என்று எதைச் சொன்னாலும் இதே கதைதான். தோலும் கண்ணும் பத்திரம்: நான் கையுறையும் கண்ணாடியும் போடாமல் சுண்ணாம்பைத் தொடுவதில்லை.

எண்ணிக்கை பத்தைத் தாண்டிப் பெருகிவிட்டால் ஊசி வீண் உழைப்பு. அப்போது தின்னும் உயிர் வேண்டும். நான்கு பேர் போட்டிக்கு வருவார்கள்.

பெப்பர்மிண்ட் இறால் விலை மலிவு, எங்கும் கிடைக்கும், அதனால் எல்லோரும் முதலில் வாங்குவது அதைத்தான். சில தொட்டிகளில் இரண்டே வாரத்தில் துடைத்து எடுத்துவிடும். சிலவற்றில் திரும்பிக்கூடப் பார்க்காது. மீனுக்குப் போடும் தீனி வயிற்றை நிரப்பினால் அது ஏன் கொட்டும் அனிமோனைத் தின்னப் போகிறது? சின்ன ஐப்டேசியாவைத் தின்னும், வளர்ந்ததை விட்டுவிடும். ஐப்டேசியா தீர்ந்த பிறகு சதைப்பற்றான பவளங்களின் வாயிலிருந்து தீனியைப் பிடுங்குவதும் உண்டு. கடையில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: கேமல் இறாலையும் பெப்பர்மிண்ட் என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள். கேமலுக்கு உடலில் வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று இருக்கும், கண் பெரிது, முதுகில் கூன் தெரியும். அது ஐப்டேசியாவை விட்டுவிட்டு ஜோவாந்தஸைத் தின்னும். பெப்பர்மிண்ட் கிட்டத்தட்ட கண்ணாடி போல, மெல்லிய சிவப்புக் கோடுகளோடு இருக்கும்.

ஃபைல்ஃபிஷ், அதாவது அக்ரெய்க்திஸ் டொமென்டோசஸ், விரல் நீள மீன். நிறம் மாற்றிக்கொண்டு பாசிக்குள் ஒளிந்திருக்கும், பார்க்கப் பார்க்கச் சலிக்காது. ஐப்டேசியாவை நன்றாகவே தின்கிறது, பண்ணையில் வளர்த்ததும் கிடைக்கிறது. ஆனால் ஜோவாந்தஸ், பெரிய பாலிப் கொண்ட சதைப்பற்றான எல்.பி.எஸ். பவளங்கள், விசிறிப் புழுக்கள் ஆகியவற்றையும் கொறித்துப் பார்க்கும் குணம் அதற்கு உண்டு. எந்த மீன் கொறிக்கும், எது கொறிக்காது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெரும்பாலும் சின்ன பாலிப் கொண்ட எஸ்.பி.எஸ். பவளங்கள் மட்டும் இருக்கும் தொட்டிக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். ஜோவாந்தஸ் தோட்டம் வைத்திருப்பவருக்குச் சொல்லமாட்டேன்.

காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீனைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. ஐப்டேசியாவுக்காக மட்டும் அதை வாங்காதீர்கள். நீண்ட மூக்கால் பாறை இடுக்குகளில் தேடித் தின்னும் மீன் அது. தொட்டித் தீனிக்குப் பழகாமல் மெலிந்து சாவது சகஜம். 400 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் அதை வைப்பதே கொடுமை. ஒரு களையை ஒழிக்க ஒரு மீனின் உயிரைப் பணயம் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மிச்சமிருப்பது பெர்கியா. ஓடில்லாத குட்டிக் கடல் நத்தை, இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. முதுகெல்லாம் பஞ்சு போன்ற கதிர்கள். ஃபுளோரிடாப் பக்கத்துக் கடல் உயிர். அது ஐப்டேசியாவை மட்டும்தான் தின்னும், வேறு எதையும் தொடாது. தின்ற ஐப்டேசியாவின் கொட்டும் செல்களை வெடிக்கவிடாமல் தன் முதுகுக் கதிர்களுக்குக் கடத்தி, தன் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ளும். சுருள் சுருளாக வெள்ளை முட்டை மாலை போடும். 10, 12 நாளில் பொரிக்கும். குஞ்சுகள் அதே தொட்டியில் வளர்ந்து அதே ஐப்டேசியாவைத் தேடிப் போகும். பாறையின் பின்பக்கம், ஓவர்ஃப்ளோ, பொந்து என்று ஊசி எட்டாத இடமெல்லாம் இரவில் அது எட்டும்.

பெர்கியாவைத் தோற்கடிப்பது பெரும்பாலும் நம் அவசரம். முதல் இரண்டு மாதம் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். பகலில் ஒரு நத்தையும் கண்ணில் படாது. எல்லாம் செத்துவிட்டது என்று நினைத்துப் பெப்பர்மிண்ட் இறாலை வாங்கி விடுவார்கள். அந்த இறால் முதலில் தின்பது பெர்கியாவை. சிக்ஸ்லைன் ராஸ் மீன், கோரல் பேண்டட் இறால் இருக்கும் தொட்டியிலும் அதற்குப் பாதுகாப்பில்லை. தண்ணீரில் மேலிருந்து போடாமல், விளக்கு அணைந்த பின் குழாய் வழியாக ஐப்டேசியாவுக்குப் பக்கத்தில் பாறை மேலேயே இறக்கிவிட வேண்டும். பவர்ஹெட் இழுத்துக்கொள்ளாமல் அன்றிரவு வேகத்தைக் குறைத்து வைக்க வேண்டும். என் தொட்டியில் எட்டு பெர்கியா விட்டேன். மூன்றாம் மாதம் முடியும்போது ஒரு நாள் காலை பாறையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுகூட இல்லை.

இரை தீர்ந்ததும் பெர்கியாவும் பட்டினியில் செத்துவிடும். அது எனக்கு வருத்தம்தான். பக்கத்தில் யாருக்காவது ஐப்டேசியா இருக்கிறதா என்று விசாரித்து, எண்ணிக்கை குறையத் தொடங்கும்போதே இரவில் டார்ச் வைத்துப் பொறுக்கிக் கொடுத்துவிடுவது நல்ல வழக்கம். நான் மூன்றைக் கொடுத்தேன்.

ஆகவே ஐப்டேசியாவுக்கு என் கணக்கு இது: பத்துக்குள் என்றால் சுண்ணாம்பு. அதற்கு மேல் என்றால், ராஸும் இறாலும் இல்லாத தொட்டியில் பெர்கியா. ராஸ் இருந்து ஜோவாந்தஸ் இல்லையென்றால் ஃபைல்ஃபிஷ். பெப்பர்மிண்ட், விலைக்காக ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்ற அளவுதான்.

தனியாக வந்தவரைப் பிடிப்பது

நண்டு, கையால் அடித்து வேட்டையாடும் மான்டிஸ் இறால் போன்றவை பெரும்பாலும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்றுதான் வரும். பெருகுவது அபூர்வம், இருக்கும் ஒன்றே போதும் நாசம் செய்ய. இங்கே மருந்து என்ற பேச்சுக்கே இடமில்லை. இறாலையும் நண்டையும் கொல்லும் மருந்து தொட்டியில் உள்ள மற்ற இறால், நண்டு, ஆம்ஃபிபாட் எல்லாவற்றையும் சேர்த்துக் கொல்லும்.

இரவில் தொட்டியிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தால் உடனே மான்டிஸ் என்று பாறையைப் பிரிக்காதீர்கள். பிஸ்டல் இறாலும் அதே சத்தம் போடும், அது யாருக்கும் கெடுதல் செய்யாது. நத்தை ஓடுகள் உடைந்து கிடக்கின்றனவா, நண்டின் கால்கள் சிதறிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். 2004-ல் ஷீலா பாடெக் குழுவினர் மயில் மான்டிஸின் அடியை அளந்தபோது அது நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போனது. நமக்கு வருவது அதைவிடச் சிறியவை என்றாலும், விரலை விட்டுப் பார்க்க வேண்டாம்.

எந்தப் பொந்து என்று தெரிந்தால் அந்தப் பாறையை மட்டும் வெளியே எடுத்து, வாளிக்கு மேல் பிடித்துக்கொண்டு, பொந்துக்குள் சோடா நீரைச் சிரிஞ்சால் அடித்தால் மூச்சு முட்டி வெளியே வந்து விழும். வண்டி வண்டியாகப் பாறையைப் பிரிப்பதைவிட இது எவ்வளவோ மேல். பாறை அசையாதபடி ஒட்டியிருந்தால் பொறிதான். நண்டுக்குக் கண்ணாடி டம்ளர் போதும். உள்ளே ஒரு துண்டு இறால் இறைச்சி, டம்ளர் பாறையில் சாய்ந்திருக்க வேண்டும். ஏறி உள்ளே விழும் நண்டு வழுக்கும் கண்ணாடியில் திரும்ப ஏறாது. மான்டிஸ் டம்ளரில் ஏமாறுவது குறைவு.

நண்டைப் பிடிப்பதற்கு முன் அது எங்கே வாழ்கிறது என்று பாருங்கள். அக்ரோபோரா, போசிலோபோரா கிளைகளுக்குள் ஒளிந்திருக்கும் வழவழப்பான சின்ன நண்டு டெட்ராலியா அல்லது டிராபீசியா. அது அந்தப் பவளத்தின் காவலாளி. கிளைகளில் படியும் மண்ணைத் துடைத்துவிடும். கடலில் முள்முடி நட்சத்திர மீனையே கடித்து விரட்டும். முடி அடர்ந்து, கறுத்த நுனிக் கொடுக்குகளோடு பாறைப் பொந்தில் இருப்பது வேறு ஆள். அதை எடுத்துவிடலாம்.

பிடித்ததைக் கொல்ல வேண்டும் என்று இல்லை. என் மான்டிஸ் ஒன்று இருபது லிட்டர் பெட்டியில் தனியாக மூன்று வருடம் வாழ்ந்தது. விருந்தாளிகள் வந்தால் பெரிய தொட்டியைவிட அதன் முன்னால்தான் அதிக நேரம் நிற்பார்கள்.

பாபிட் வார்ம் பற்றி ஒரு வார்த்தை. 2009-ல் இங்கிலாந்தின் நியூகே ஊரில் புளூ ரீஃப் அக்வேரியத்தில் மீன்களும் பவளங்களும் கடிபட்டுக்கொண்டே இருந்தன. பொறிகள் பலனளிக்கவில்லை. கடைசியில் பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது நான்கடி நீளப் புழு ஒன்று கிடைத்தது. நம் வீட்டுத் தொட்டிக்கு அது வருவது மிக அபூர்வம். தலையில் ஐந்து கொம்பும் வானவில் மினுமினுப்பும் தெரிந்தால், இழுத்து அறுக்காமல் பாறையோடு வெளியே எடுங்கள். 

மருந்து எப்போது?

சிவப்புத் தட்டைப் புழு கண்ணாடியிலும் மணலிலும் துருப்பிடித்த மாதிரி பரவினால் மருந்துதான் வழி என்று ஆகிவிடும். கடையில் கிடைக்கும் ஃபிளாட்வார்ம் எக்ஸிட் அதைக் கொல்லும். ஆபத்து மருந்தில் இருப்பதைவிடச் சாகும் புழுக்களில் அதிகம். ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் சாகும்போது அவை உடலிலுள்ள நச்சைத் தண்ணீரில் கொட்டும். புழுவை ஒழித்த அதே மாலையில் மீன்களையும் பறிகொடுத்த ஒரு நண்பரின் தொட்டி முன்னால் நான் நின்றிருக்கிறேன். ஆகவே முதல் வேலை சைஃபன். ஒரு வாரம், இரண்டு வாரம், தினமும் மெல்லிய குழாயால் உறிஞ்சிக் குறையுங்கள். மிச்சமிருப்பதற்கு மட்டும் மருந்து. நச்சை உறிஞ்சும் புதிய கரியும், மாற்றுவதற்கு உப்புநீரும் தயாராக வாளியில் இருந்த பிறகே மருந்துப் புட்டியைத் திறக்க வேண்டும்.

வெர்மெடிட் நத்தைக்கு மருந்தும் இல்லை, நம்பத்தக்க எதிரியும் இல்லை. கூரான சுண்ணாம்புக் குழாய்க்குள் இருந்துகொண்டு சிலந்தி மாதிரி சளி வலை வீசும். பவளம் அதைத் தொட்டுத் தொட்டு வாடும். மோரியா தீவில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வு, இந்த நத்தை உள்ள இடத்தில் பவள வளர்ச்சி வெகுவாகக் குன்றுவதைக் காட்டியது. குழாயின் வாயில் சூப்பர்குளூ ஜெல் ஒரு சொட்டு வைத்து அடைப்பதும், தூள் தீனியைக் குறைப்பதும்தான் நான் செய்வது. அலுப்பான வேலை. வேறு வழி கிடையாது.

உள்ளே வருமுன்

எல்லாவற்றையும்விட மலிவான முடிவு இங்கேதான் எடுக்கப்படுகிறது. உலர்பாறையில் தொடங்கினால் பூச்சியே வராது என்பது பாதி உண்மை. மான்டிஸும் பாபிட்டும் வராது. கூடவே நல்ல உயிர்களும் வராது. உலர்பாறைத் தொட்டி பல மாதம் பழுப்புப் பாசியும் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிருமாகத் தள்ளாடும். அதோடு, முதல் பவளத் துண்டு உள்ளே போனதும் ஐப்டேசியாவுக்கான கதவு திறந்துதான் கிடக்கிறது. என் 17-ம் அப்படி ஒரு பிளக்கில் வந்ததே. நான் இப்போது தொடங்கினால் முக்கால் பங்கு உலர்பாறையும், தனித்தொட்டியில் இரண்டு மாதம் கிடந்த ஒரு சின்ன லைவ் ராக் துண்டும் வைப்பேன்.

புதுத் துண்டை மருந்து நீரில் முக்கும் டிப்பா, தனித்தொட்டியா என்ற கேள்விக்கு இரண்டும் என்பதே பதில். அயோடின் டிப், கோரல் ஆர்எக்ஸ் போன்றவை நடமாடும் புழுவையும் நத்தையையும் உதிர்க்கும், முட்டையை ஒன்றும் செய்யாது. அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப் புழுவும் மான்டிபோராவைத் தின்னும் ஓடில்லா நத்தையும் அப்படித்தான் தப்பிப் பிழைக்கின்றன. டிப் செய்து நேரே தொட்டிக்குள் வைத்தால் அங்கேயே முட்டை பொரிந்துவிடும். ஆகவே டிப், ஒரு வாரம், மறுபடி டிப் என்று ஆறு வாரம். சிலர் தோட்டப் பூச்சிமருந்தில் முக்குகிறார்கள். பூச்சியைக் கொல்வதில் அது வல்லதுதான். ஆனால் மேலே சொன்ன காவல் நண்டையும் கொல்லும், சரியாக அலசாவிட்டால் தொட்டியின் இறால்களையும் கொல்லும். நான் அதைத் தொடுவதில்லை.

தனித்தொட்டிக்கு இடமில்லை என்பவர் குறைந்தபட்சம் இதைச் செய்யலாம்: துண்டு ஒட்டி வந்த பிளக்கை உடைத்தெறிந்துவிட்டுப் புதிய பிளக்கில் ஒட்டுங்கள். ஐப்டேசியாவும் வெர்மெடிட்டும் முட்டையும் பெரும்பாலும் பிளக்கில்தான் இருக்கும். ஐந்து நிமிட வேலை.

தமிழ்நாட்டிலிருந்து சிலர், கடற்கரையில் கிடக்கும் பவளக்கல்லை எடுத்துத் தொட்டியில் போடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. பாறை கட்டும் பவளங்கள் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆனவை. சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி அந்தப் பாறைகள் பட்ட பாடு போதும்.

பாறையையே எடுப்பது

எல்லாம் கைமீறினால் பாறையை வெளியே எடுத்து, வெயிலில் பல வாரம் காயவைத்து, பிளீச்சில் ஊறவைத்து, குளோரினை நீக்கி, கழிவை அழிக்கும் நுண்ணுயிர்களை மறுபடி வளர்த்து சைக்கிள் செய்யலாம். ஆறேழு வருடப் பாறையின் உயிரெல்லாம் அதோடு போய்விடும். அதனால் இதை யாருக்கும் முதலாவதாகச் சொல்லமாட்டேன்.

பாறையைக் கொதிக்கவைக்கவோ மைக்ரோவேவில் வைக்கவோ கூடாது. பாறையில் ஒட்டியிருக்கும், ஜோவாந்தஸின் உறவான பாலிதோவாவில் பாலிடாக்சின் இருக்கலாம். 1971-ல் ஹவாயில் பாலிதோவாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அந்த நச்சு, மனிதன் அறிந்த மிகக் கொடிய நச்சுகளில் ஒன்று. கொதிக்கும்போது ஆவித்துளியோடு கலந்து மூச்சில் ஏறும். 2018-ல் இங்கிலாந்தின் ஸ்டீவன்டன் கிராமத்தில், வீட்டுத் தொட்டியிலிருந்து எடுத்த பவளத்தால் பத்துப் பேர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி, தண்ணீருக்குள்ளேயே வெட்டுவது: இவை இல்லாமல் பாலிதோவாப் பாறையைத் தொடாதீர்கள். குழந்தைகளையும் நாய், பூனையையும் வேறு அறையில் விடுங்கள்.

எடுத்த பாறை, பிடித்த நண்டு, மாற்றிய தண்ணீர் எதையும் கடலிலோ கடலுக்குப் போகும் கால்வாயிலோ விடாதீர்கள். மொனாக்கோவில் ஓர் அக்வேரியத்தை ஒட்டிய கடலில் 1984-ல் ஒரு சிறு திட்டாகத் தென்பட்ட காலெர்பா பாசி, மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் படர்ந்தது. கலிஃபோர்னியாவில் 2000-ல் அதே பாசி தென்பட்டபோது, தார்ப்பாய் போட்டு மூடி குளோரின் விட்டு, 2006 வரை போராடித்தான் ஒழித்தார்கள். நான் பாசியையும் செத்த துண்டுகளையும் ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுகிறேன்.

இப்போது என் தனித்தொட்டியில் ஒரு மான்டிபோராத் துண்டு கிடக்கிறது. மூன்று வாரம் எந்தக் குறையும் இல்லை, நிறமும் ஏறிக்கொண்டிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை தலைகீழாகத் திருப்பிப் பார்த்தபோது ஓரத்தில் கடுகை விடச் சிறியதாக ஒரு வெள்ளை முட்டைக் கொத்து. பிளேடால் சுரண்டினேன், டிப் செய்தேன், புதுப் பிளக்கில் ஒட்டினேன். சுவரில் மாட்டிய காலண்டரில் பழைய கணக்கை அடித்துவிட்டு, அன்றைய தேதியில் மறுபடி 1 என்று எழுதினேன்.